கூட வராத பெரியவர்கள்: ‘அகாட்டா விட்ச்’ படித்த கதை

மந்திர நாவல் எது கைக்குக் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். மந்திரம் தப்பிப்போனால் யார் தலையில் விடிகிறது? இளையோருக்கென்று வரும் நாவல்களில் பெரும்பாலும் யார் தலையிலும் விடிவதில்லை. கோலை ஆட்டுகிறார்கள், வானம் இடிகிறது, இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னட்டை மட்டும் ஆபத்து, ஆபத்து என்று அலறும். உள்ளே ஒரு சிராய்ப்பைக்கூடக் காண முடியாது.

நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் ந்நெடி ஒகோரஃபோர் எழுதி 2011-ல் அமெரிக்காவில் வெளியான ‘அகாட்டா விட்ச்’ இந்த விஷயத்தில் நேர்மையான புத்தகம். சூனியம், மாந்திரீகம் என்றால் சும்மா இல்லை என்று சொல்வதோடு நிற்காமல், சும்மா இல்லாததற்கான கணக்கையும் கையில் கொடுக்கிறது. நைஜீரியாவிலும் பிரிட்டனிலும் இதே நாவல் ‘வாட் சன்னி சா இன் த ஃப்ளேம்ஸ்’ என்ற பெயரில் வந்தது. தலைப்பு வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் வாங்கிவிடாதீர்கள், கதை ஒன்றுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் புகாரெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டு, ராத்திரியில் எனக்கென்று படிப்பது இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான். அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு வாங்கும் புத்தகத்தை நான் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது வழக்கம். சில சமயம் அவள் முந்திக்கொள்வாள். இந்தப் புத்தகத்தில் அவள்தான் முந்தினாள்.

சரி, கதைக்கு வருவோம்.

தென்கிழக்கு நைஜீரியாவில் அபா என்ற நகரம். வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். அங்கே சன்னி என்ற பன்னிரண்டு வயதுப் பெண். இக்போ இனப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து, ஒன்பது வயதில் நைஜீரியாவுக்கு வந்தவள். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி இல்லாதவள், அதாவது அல்பினோ. வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். கால்பந்து என்றால் உயிர். ஆனால் பகலில் மைதானத்தில் இறங்க முடியாது. சூரியன் சாய்ந்த பிறகு அண்ணன்களோடுதான் ஆட்டம். அமெரிக்காவில் பிறந்ததால் இங்கே அந்நியம், நிறத்தால் எங்கேயும் அந்நியம். அப்பாவுக்கு இந்தப் பெண்ணை ஏனோ பிடிக்கவில்லை. ஏன் என்பது போகப் போகக் கொஞ்சம் தெரிகிறது.

முதல் சில பக்கங்களில் மின்சாரம் போகிறது. நைஜீரியாவில் இதை ‘நேப்பா லைட்டை எடுத்துட்டான்’ என்பதுபோலத்தான் சொல்வார்களாம். நேப்பா என்பது அங்கே இருந்த மின்வாரியத்தின் சுருக்கப் பெயர். மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். சுடரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்குள் உலகம் எரிகிறது: கடல் கொதிக்கிறது, கட்டடங்கள் சாய்கின்றன, மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள். கண்ணை எடுக்க முடியவில்லை. சுடரை நோக்கிச் சாய்ந்துகொண்டே போய் அவள் தலைமுடியில் தீப்பிடித்துவிடுகிறது. பெரிய தரிசனம் ஒன்று வந்தது, அதற்கு அந்தப் பெண் கொடுத்த விலை நீளமான முடி. புத்தகம் முழுக்க இதே கணக்குத்தான். எதுவும் இலவசமாக வருவதில்லை.

அடுத்து வரும் வகுப்பறைக் காட்சியில் மந்திரம் துளியும் கிடையாது. எனக்கு நாவலிலேயே மிகவும் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று. கட்டுரைத் தேர்வில் வகுப்பே கோட்டைவிட்டிருக்கிறது, சன்னி மட்டும் நன்றாக எழுதியிருக்கிறாள். ஆசிரியைக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பிரம்பை எடுத்துத் தானே அடித்திருந்தால் கதை வேறு. அவரோ பிரம்பை சன்னி கையில் கொடுத்து, நீ போய் எல்லாரையும் அடி என்கிறார். ஒரு குழந்தையை வகுப்பிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்த இதைவிடச் சுலபமான வழி உண்டா? சன்னி பிரம்பைக் கீழே போடுகிறாள். அடிக்க மறுத்தவளுக்குத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் அடி விழுகிறது, அதுவும் அவள் அடிக்க மறுத்த அதே பிள்ளைகளிடமிருந்து. கூடவே வசவு: சூனியக்காரி.

இந்த வசவை நாம் சாதாரணமாகக் கடந்துபோய்விடக் கூடாது. நைஜீரியாவின் தெற்குப் பகுதியில் குழந்தைகளைச் சூனியக்காரர்கள் என்று பழிசுமத்தி வீட்டை விட்டு விரட்டுவதும் அடிப்பதும் உண்மையாகவே நடந்தவை. அக்வா இபோம் மாநிலம் 2008-ல் குழந்தைகள் உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது, ஒரு குழந்தையைச் சூனியக்காரி என்று குற்றம்சாட்டுவதையே தண்டனைக்குரியதாக்க வேண்டியிருந்தது. அல்பினோக்கள் மீதான மூடநம்பிக்கைகள் தனிக் கதை. இதெல்லாம் தெரிந்து படித்தால், பன்னிரண்டு வயது அல்பினோ பெண்ணை நடுவில் நிறுத்தி, ஆமாம், இவள் சூனியக்காரிதான், இப்போது என்ன என்று கேட்பதில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று புரியும்.

அடிவாங்கும் சன்னிக்குத் துணையாக வருபவன் ஓர்லு, வகுப்புத் தோழன். அவன் வழியாக சிச்சி. சிச்சி பள்ளிக்கூடம் போவதில்லை, வயது என்ன என்று கேட்டால் சொல்வதில்லை. நல்ல வீடுகளுக்கு நடுவே ஒரு மண்குடிசையில் அம்மாவோடு இருக்கிறாள். குடிசைக்குள் நுழைந்தால் எங்கே பார்த்தாலும் புத்தகம். இருவரும் சேர்ந்து சன்னியை ஒரு மந்திரக் கட்டுக்கு உட்படுத்திய பிறகுதான் ரகசியத்தைச் சொல்கிறார்கள். அந்தக் கட்டு இருக்கும்வரை அவளால் வெளியாரிடம் வாய் திறக்க முடியாது. அம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்தால்கூட முடியாது. ரகசியம் காப்பாற்று என்று சத்தியம் வாங்குவார்கள் மற்ற கதைகளில். இங்கே நாக்கையே கட்டிவிடுகிறார்கள். தன் அம்மாவிடம் பேச முடியாமல் போவது என்னவென்று பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது.

அவர்கள் சொல்லும் ரகசியம் இதுதான்: உலகில் சிறுத்தை மக்கள் என்றொரு கூட்டம் இருக்கிறது. மந்திரம் தெரிந்தவர்கள். மற்றவர்கள் எல்லாம் ஆடுகள். சிறுத்தை என்ற பெயரை எழுத்தாளர் சும்மா வைக்கவில்லை. தென்கிழக்கு நைஜீரியாவிலும் கேமரூன் எல்லையிலும் எக்பே என்ற பழைய ரகசியச் சபை இருக்கிறது. எக்பே என்றால் சிறுத்தை. அந்தச் சபையோடு பின்னிப் பிணைந்தது ந்சிபிடி என்ற குறியெழுத்து. நாவலிலும் ந்சிபிடி வருகிறது, சன்னி அதைப் படிக்கப் பழகுகிறாள். நான் கற்பனை என்று நினைத்துப் படித்த பல விஷயங்கள் தேடிப் பார்த்தபோது நிஜமாக இருந்தன.

சிறுத்தை மக்களின் ஒரு விதி இந்த நாவலின் உயிர். ஆடுகள் எதைக் குறை என்கிறார்களோ அதுவே இங்கே திறமையின் ஊற்று. எழுத்துகள் குழம்பி வரும் ஓர்லு, அதே காரணத்தால் யார் போட்ட மந்திரத்தையும் தன்னை அறியாமல் கைகளால் பிரித்துப்போடுகிறான். ஓரிடத்தில் உட்கார மாட்டாத, அடங்காத சாஷா (சிகாகோவிலிருந்து சேட்டை தாங்காமல் நைஜீரியாவுக்கு அனுப்பப்பட்ட கறுப்பினப் பையன்) எதையும் ஒரு பார்வையில் மனத்தில் வாங்குகிறான். சன்னியின் வெளிறிய உடல், இந்த உலகுக்கும் ஆவிகளின் உலகுக்கும் நடுவே போய்வரும் வழி. கேட்க இனிப்பான விதியாகத் தெரியலாம். ‘உன் குறைதான் உன் பலம்’ என்று சுவரில் ஒட்டும் வாசகமாகிவிடும் அபாயம் இதில் இருக்கிறது. ஆனால் ஒகோரஃபோர் அங்கே போகவில்லை. குறை குறையாகவே இருக்கிறது, வலிக்கிறது. எழுத்தாளருக்கு இளம் வயதில் முதுகெலும்பு வளைந்திருந்தது. அதற்கான அறுவைசிகிச்சைக்குப் பிறகு பத்தொன்பது வயதில் கொஞ்சகாலம் கால்கள் செயலிழந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோதுதான் எழுதவே ஆரம்பித்தார். அதற்கு முன் டென்னிஸ் வீராங்கனை. மைதானத்தில் இறங்க முடியாமல் ஓரத்தில் நிற்கும் சன்னியை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று யூகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

இனி சிட்டிம். இதைப் பற்றி எழுதாமல் யாரும் இந்த நாவலைப் பற்றி எழுத முடியாது. சிறுத்தை மக்களின் பணம் அது, வளைந்த உலோகக் கம்பிகள். யாரும் சம்பளமாகத் தருவதில்லை. நீங்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட அந்த நொடியில் மேலேயிருந்து காலடியில் வந்து விழும், கலகலவென்று. மனப்பாடம் செய்தால் விழாது; உண்மையிலேயே புரிந்தால்தான் விழும். தங்கச் சிட்டிமுக்கு மதிப்பு குறைவு, செம்புக்குத்தான் உச்ச மதிப்பு. நல்ல யோசனை என்பதோடு இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. எழுத்தாளர் ஒரு பாத்திரத்தின் மனமாற்றத்தை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கம்பி விழுந்தால் போதும், நமக்குத் தெரிந்துவிடுகிறது. சில இடங்களில் சன்னிக்கே தான் என்ன கற்றுக்கொண்டோம் என்று தெரியாது, கம்பி மட்டும் விழுந்திருக்கும். அந்த இடங்களில் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். பிற்பாதியில் இந்த வித்தையைக் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்திவிட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கட்டத்தில் நானே ‘இப்ப விழும் பாரு’ என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என் தொழில் கண்ணுக்கு விருந்தாக அமைந்தது வேறொன்று. சிறுத்தைப் பெற்றோர் இல்லாத வீட்டில் இந்தச் சக்தியோடு வருபவர்களை ‘சுதந்திர ஏஜென்ட்’ என்கிறார்கள். சன்னி அப்படித்தான். அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு கையேடு இருக்கிறது. அதிலிருந்து சில பகுதிகள் அத்தியாயங்களுக்கு நடுவே வருகின்றன. அந்தக் கையேட்டை எழுதிய அம்மாளுக்குச் சுதந்திர ஏஜென்ட்கள் என்றாலே இளக்காரம். உனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கு இது வராது, நீ பேசாமல் ஓரமாக இரு என்கிற தொனி. ஆனால் தகவலெல்லாம் சரி. சன்னிக்கு வேறு வழியில்லை, தன்னைக் கேவலமாக நினைக்கும் புத்தகத்திலிருந்துதான் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நண்பர்கள் அந்த ஆசிரியரை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை, ஆனாலும் படி என்கிறார்கள். கற்பனை உலகத்தை விளக்கவேண்டிய கட்டாயம் எல்லா மந்திர நாவல்களுக்கும் உண்டு. தாடி வைத்த பெரியவர் ஒருவர் பத்துப் பக்கம் பேசுவார். இங்கே அந்த விளக்கமே குத்துகிறது.

அப்புறம் அந்த உலகத்தின் சின்னச் சின்னச் சரக்குகள். லெப்பர்ட் நாக்ஸ் என்ற மந்திரச் சந்தைக்குப் போக, ஆற்றின் மேல் ஒரு மரத்தண்டின் அகலமே உள்ள பாலத்தைக் கடக்க வேண்டும். உங்கள் ஆவி முகத்தை வெளியே கொண்டுவராமல் கடக்க முடியாது. கீழே ஆற்றில் ஒரு மிருகம் காத்திருக்கிறது. ஆவி முகம் என்பது உங்களுடைய அசல் முகம். அதை அடுத்தவர் முன் காட்டுவது உடையில்லாமல் நிற்பதற்குச் சமம். சன்னியின் ஆவி முகம் கதிர்கள் நீட்டிய பொன்னிறச் சூரியன். வெயிலுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த பெண்ணுக்கு உள்ளே இருந்தது சூரியன்! சந்தைக்குள் மிளகு சூப் விற்கும் கடை இருக்கிறது. அதில் போடும் மிளகாய் மந்திரக் கழிவு கலந்த மண்ணில் விளைந்தது. துங்வா என்று ஒன்று வருகிறது: தோல் பந்துபோல மிதந்து வரும், திடீரென்று வெடிக்கும், பல்லும் எலும்புத் துண்டும் மயிர்க்கற்றையுமாக மேலே கொட்டும். எதற்கு? எதற்கும் இல்லை. அது அப்படித்தான். இந்த அர்த்தமில்லாத அருவருப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் கதையில் ஒரு வேலை இருந்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் எழுத்தாளர்கள் துங்வாவைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இப்போது ஆபத்து. இந்த நால்வரையும் சேர்த்து ஒரு குழுவாக்குகிறார்கள் பெரியவர்கள். காரணம், பிளாக் ஹேட் ஒட்டோகோட்டோ என்ற ஒருவன். குழந்தைகளைக் கடத்துகிறான். சிலர் திரும்பி வருவதே இல்லை, திரும்பி வந்தவர்கள் உறுப்புகளை இழந்து வருகிறார்கள். ஒரு பெரிய கெட்ட ஆவியை இந்த உலகத்துக்கு இழுத்துவரக் காவு கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஒட்டோகோட்டோ என்ற பெயரை நாம் வாய்க்குள் நுழையாத வில்லன் பெயர் என்று தாண்டிப் போகலாம். நைஜீரியர்களால் முடியாது. 1996-ல் பக்கத்து மாநிலமான இமோவின் தலைநகர் ஓவெர்ரியில், ஒட்டோகோட்டோ என்ற பெயருள்ள ஹோட்டலில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் நரபலிக்காகக் கொல்லப்பட்டான். விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொந்தளித்தது, பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணக்காரர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தப் பெயரைத் தூக்கிச் சிறுவர் கதை வில்லனுக்கு வைத்திருக்கிறார். அது தெரிந்த பிறகு திரும்பப் புரட்டினால், செய்தித்தாளைப் பார்த்துச் சன்னியின் பெற்றோர் பதறும் சின்னச் சின்ன இடங்கள்கூடக் கனமாகிவிடுகின்றன.

இந்த ஆளை எதிர்க்க, இன்னும் வித்தையைச் சரியாகக் கற்று முடிக்காத நாலு பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அதுவும் நீங்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள், உங்களால்தான் முடியும், வெற்றி நிச்சயம் என்றெல்லாம் சொல்லி அல்ல. நீங்கள் செத்துப்போகலாம் என்கிறார்கள். உலகம் உங்களைவிடப் பெரியது, நீங்கள் இல்லாவிட்டாலும் அது தன்பாட்டுக்கு ஓடும் என்பதுதான் அவர்கள் ஆசிரியர் அனாட்டோவ் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே. ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்வதில்லை.

அக்கா மகள் புத்தகத்தை முடித்துவிட்டு என்னிடம் கேட்டது இதைத்தான். “சித்தி, அவ்வளவு சக்தி இருக்கிற பெரியவங்க ஏன் கூடப் போகல?”

“நீ என்ன நினைக்கிற?” என்றேன், நேரம் வாங்க.

“பயம்னு நினைச்சேன். ஆனா பயம் மாதிரி எழுதல. அவங்களுக்கு அது சாதாரணமா இருக்கு. அதுதான் எனக்குக் கோபமா வருது.”

அவளுக்கு வந்த கோபம் நியாயமானது. நாவல் அந்தக் கோபத்தை வேண்டுமென்றே கிளப்புகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். நைஜீரியத் தலைநகர் அபுஜாவுக்கு அருகே இருக்கும் சூமா பாறை அங்கே எல்லாருக்கும் தெரிந்த இடம், நூறு நைரா நோட்டில் அதன் படம் இருக்கிறது. நாவலில் அந்தப் பாறையை ஒட்டி சிறுத்தை மக்களின் திருவிழா நடக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். அங்கே ஒரு மல்யுத்தம், ஒருவர் சாகும்வரை. சன்னி உறைந்துபோய்ப் பார்க்கிறாள், சுற்றியிருக்கும் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. யாரும் அவள் கண்ணைப் பொத்தவில்லை. அதே திருவிழாவில்தான் அவள் முதல்முறையாகப் பட்டப்பகலில் கால்பந்து ஆடுகிறாள், பையன்களோடு, வெயில் அவளை ஒன்றும் செய்யாமல். அந்த ஆட்டத்தை ஒகோரஃபோர் எழுதியிருக்கும் வேகத்துக்கு நான் மயங்கிவிட்டேன். விளையாட்டு தெரிந்தவர் எழுதியது என்று ஒவ்வொரு பாஸிலும் தெரிகிறது. ஒரே நாளில், ஒரே இடத்தில், வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான விஷயமும் மிகக் கொடூரமான விஷயமும். இந்த உலகத்துக்குள் வர வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்வதில்லை, நமக்கும் சொல்வதில்லை.

பிள்ளைகள் தப்பு செய்தால் உடனே தண்டனை வருகிறது என்பதும் முக்கியம். தன்னைத் துன்புறுத்தும் வகுப்புப் பெண்ணுக்கு ஆத்திரத்தில் சன்னி தன் ஆவி முகத்தைக் காட்டிவிடுகிறாள். படிக்கும் நமக்கு, நல்லா வேணும் என்று தோன்றும். ஆனால் சிறுத்தைச் சபையின் காவலர்கள் வந்து அவளை இழுத்துக்கொண்டு போகிறார்கள், நூலகத் தலைவி முன் நிறுத்துகிறார்கள். ஆமாம், நூலகத் தலைவிதான் அங்கே உச்ச அதிகாரி! நூலகமே அரசாங்கமாக இருக்கும் ஓர் உலகத்தைக் கண்டுபிடித்ததற்காகவே எழுத்தாளருக்கு ஒரு கும்பிடு. அடுத்த முறை நிலவறைதான் என்று எச்சரித்து அனுப்புகிறார்கள். பெருமைக்காக சிச்சி ஓர் ஆவியை அழைத்துக் காட்டப் போய் விவகாரமாகும் இடமும் உண்டு. ஊர்த் திருவிழாக்களில் உடம்பு முழுக்க மறைத்து வேடம் கட்டி ஆடிவரும் உருவங்களை இக்போ மக்கள் மூதாதையரின் ஆவிகளாகவே மதிக்கிறார்கள். வேடத்துக்குள் யாருமே இல்லாமல் நிஜ ஆவியே வந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த அத்தியாயத்தில் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை முடிவு. நாவல் முழுக்கக் கற்பது, அலைவது, சாப்பிடுவது, சண்டை போடுவது என்று ஆற அமரப் போய்விட்டு, ஒட்டோகோட்டோவோடு மோதும் கட்டத்தைச் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். நல்ல அச்சுக்கூடத்தில்கூட கடைசி ஃபாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை) அவசரமாக ஓட்டுவார்கள், அந்த மாதிரி இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், எந்த மந்திரம் எதைத் தடுத்தது என்பதைப் பிடிக்க நான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. அதைவிட, வில்லன் அதுவரை செய்தியாக மட்டுமே வருகிறான். அவன் எப்படிப்பட்டவன், ஏன் இப்படி ஆனான் என்பதை மற்றவர்கள் வாயால்தான் கேட்கிறோம். சன்னியின் பாட்டிக்கும் அவனுக்கும் இருந்த உறவு நாவலின் மிகக் கூர்மையான முடிச்சு (சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க மாட்டேன்). அதை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கும்போது இருவரையும் பேச விட்டிருக்க வேண்டாமா? வீணடித்துவிட்டார் என்றே சொல்வேன்.

இன்னொன்று, சன்னி பல இடங்களில் கூட்டிப்போகும் இடத்துக்குப் போகிற பெண்ணாக இருக்கிறாள். சிச்சி முடிவெடுப்பாள், சாஷா துள்ளுவான், ஓர்லு வேண்டாம் என்பான், சன்னி பின்னால் வருவாள். புதிதாக வந்தவள் என்பதால் அது இயல்புதான் என்றாலும் நடுப்பகுதியில் கொஞ்சம் அலுப்பு தட்டியது. அப்பா பாத்திரமும் பாதியில் நிற்கிறது. அவருடைய வெறுப்புக்குக் காரணம் கிடைக்கிறது, அந்த மனிதர் மட்டும் கிடைக்கவில்லை.

சிலர் இதை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிரபலமான மந்திரப் பள்ளிக் கதைகளின் நைஜீரியப் பிரதி என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படி நினைத்து வாங்கினால் ஏமாறுவீர்கள். இங்கே பள்ளிக்கூடமே இல்லை. ஆசிரியரின் குடிசையும் காடும் சந்தையும்தான். பிள்ளைகள் பகலில் சாதாரணப் பள்ளிக்கும் போக வேண்டும், வீட்டில் அம்மாவுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். மந்திரம் அவர்களை வீட்டிலிருந்து விடுவித்து எங்கேயோ கோட்டைக்குக் கொண்டுபோவதில்லை. தன் எழுத்தை ஒகோரஃபோர் ‘ஆஃப்ரிக்கன்ஜூஜூயிசம்’ (உண்மையான ஆப்பிரிக்க ஆன்மிக நம்பிக்கைகளைக் கற்பனையோடு கலக்கும் எழுத்து) என்று தனிப் பெயரிட்டு அழைப்பதன் நியாயம் இந்த இடத்தில் எனக்குப் பிடிபட்டது.

மொழி எளிமை. ஆங்கிலத்தில் அதிகம் படித்துப் பழகாத பிள்ளைகளும் சமாளிக்கலாம். இக்போச் சொற்களும் நைஜீரியப் பேச்சு வழக்கும் வரும். சந்தர்ப்பத்திலேயே புரிந்துவிடும், அகராதியைத் தேடி ஓட வேண்டாம். வயதைப் பொறுத்தவரை, பன்னிரண்டுக்குக் கீழே வேண்டாம் என்பேன். ரத்தம் நிறைய இல்லை, ஆனால் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை பற்றிய பேச்சு நிறைய. வகுப்பில் பிரம்படி சகஜமாக வருகிறது. பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஒருவராவது படித்திருப்பது நல்லது.

தொடர்ச்சியாக 2017-ல் ‘அகாட்டா வாரியர்’, 2022-ல் ‘அகாட்டா வுமன்’ வந்திருக்கின்றன. ‘அகாட்டா வாரிய’ருக்கு, அறிவியல் புனைவு, மந்திரக் கதைகளுக்கான ஹியூகோ விருது விழாவில் இளையோர் நாவலுக்கென்று தரப்படும் விருது 2018-ல் கிடைத்தது. முதல் பாகம் தன்னளவில் முடிந்துவிடுகிறது, மெழுகுவர்த்திக்குள் தெரிந்த காட்சி மட்டும் பாக்கி. அக்கா மகள் இரண்டாம் பாகத்தை என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நிலவறை எப்படி இருக்கும் என்று அதில் வருகிறதாம்.